அப்பத்தா பாடிய பாட்டு யாருக்குச் சொந்தம்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, பாட்டையும் அதன் உரிமையையும் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு வயது 83. வீட்டு முகப்பில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவர் பாரதியார் பாடல் ஒன்றைப் பாடினார். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து இணையக் காணொளித் தளம் ஒன்றில் ஏற்றினேன். அரை மணி நேரத்துக்குள் ஓர் இசை நிறுவனம் அந்தப் பாட்டுக்கு உரிமை கோரியிருப்பதாக அறிவிப்பு வந்துவிட்டது. பாரதி பாடல்கள் நாட்டுடைமை அல்லவா? அப்பத்தாவோ, "நான் யார் வீட்டுப் பாட்டைத் திருடினேன்?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
– ஓர் ஆசிரியை, பள்ளத்தூர்

பதில்: அவர் யார் வீட்டுப் பாட்டையும் திருடவில்லை என்று முதலில் அப்பத்தாவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்ததாக, பாரதியின் சொற்கள் எல்லோருக்கும் பொதுவானதில் உங்கள் ஊர்ப்பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் சொல்லுங்கள். அந்தக் கதை அவருக்குப் பிடிக்கும்.

பாரதி 1921இல் மறைந்தார். அன்றைய சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை, அதாவது 1971 வரை, அவர் பாடல்களுக்குப் பதிப்புரிமை இருந்தது. அவற்றை ஒலிப்பதிவு செய்யும் உரிமை மட்டும் தனியாகக் கைமாறி, கடைசியில் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. காரைக்குடியில் குடும்பத்தாரின் ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டு விற்று, பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தட்டு வெளியிடும் தொழிலுக்குப் போனவர் அவர். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு அவர் எடுத்த 'நாம் இருவர்' 1947இல் வெளிவந்தபோது, அதில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் தமிழ்நாடு முழுவதும் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாடல் ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கு உரிமை மீறல் என்று நோட்டீஸ் வந்தது. பாரதியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் ஊரெல்லாம் எழுந்தது. எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் பாரதி விடுதலைக் கழகம் என்ற பெயரில் ஒன்றுகூடி, கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் வாதாடினார்கள். பாரதியின் குடும்பத்தாரிடமும் அரசிடமும் நேரில் போய்ப் பேசினார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த ஒலிப்பதிவு உரிமைக்கு விலை பெறாமல் அதை விட்டுக்கொடுத்தார். 1955இல் பாடல்கள் மக்களுக்குப் பொதுவாயின. பலர் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், அதனால்தான் சட்டம் குறித்த நாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே பாட்டு வெளியே வந்தது. விலை பெறாமல் கொடுத்தவரின் பெருந்தன்மையையும் விடாமல் கேட்டவர்களின் பிடிவாதத்தையும் நான் ஒரே அளவு மதிக்கிறேன்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். நாம் ஒரே சொல்லில் 'பாட்டு' என்பதைச் சட்டம் நான்காகப் பிரிக்கிறது: சொல், மெட்டு, பதிவு, பாடியவருடைய நிகழ்த்துரிமை. சொல்லுக்கும் மெட்டுக்கும், எழுதியவரும் இசையமைத்தவரும் தனித்தனியே மறைந்த ஆண்டை அடுத்த சனவரியிலிருந்து 60 ஆண்டுகள். பதிவுக்கு, அது வெளியான ஆண்டை அடுத்த சனவரியிலிருந்து 60 ஆண்டுகள். பாடியவருக்கு, பாடிய ஆண்டை அடுத்து 50 ஆண்டுகள். ஆகவே பாரதியின் சொல் பொதுவாக இருக்கலாம். 1947இல் வெளியான தட்டின் பதிவுரிமையும் 2007இல் முடிந்திருக்கும். ஆனாலும் அந்தப் படத்துக்கென ஓர் இசையமைப்பாளர் போட்ட மெட்டு இன்னும் உரிமைக்குள்ளேயே இருக்கக்கூடும். நாட்டுடைமை என்று அரசு அறிவிப்பது எழுத்தாளரின் எழுத்தை மட்டுமே. பாடுபவர்களும் பதிவு செய்பவர்களும் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான்.

எனவே அப்பத்தாவிடம் ஒன்று கேளுங்கள்: அந்த மெட்டை அவர் எங்கே கற்றார்? சினிமாவிலிருந்து என்றால், மெட்டுக்கு மட்டும் ஒரு நியாயமான கோரிக்கை இருக்கலாம். அதனால் பெரும்பாலும் விளம்பர வருவாய் உரிமை கோரியவர்களுக்குப் போகுமே தவிர, காணொளிக்கு ஆபத்தில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது, பஜனையில் கேட்டது, தாமாகவே இழுத்துப் பாடுவது என்றால், தயங்காமல் மறுப்புத் தெரிவியுங்கள். இத்தகைய தளங்களில் முதன்மையான யூடியூபில் 2007 முதல் கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர்கள் கொடுத்து வைத்த ஒலி மாதிரிகளோடு ஒவ்வொரு புதிய காணொளியையும் இயந்திரமே ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த இயந்திரத்துக்கு ஒலி தெரியும். பாரதி மறைந்த ஆண்டும் 1949உம் தெரியாது. நீங்கள் மறுத்த நாளிலிருந்து உரிமை கோரியவருக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை தானாகவே விலகிவிடும். மறுப்பில் கோபத்தைக் காட்ட வேண்டாம். "சொற்கள் பாரதியாருடையவை, நாட்டுடைமையானவை, மெட்டு வழிவழியாகப் பாடப்படுவது, பாடியவர் என் பாட்டி, பதிவு செய்தது நான்" என்ற ஒரு வரி போதும். உரிமைக் கோரல் வேறு, பதிப்புரிமை எச்சரிக்கை வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். 90 நாட்களுக்குள் மூன்று எச்சரிக்கைகள் வந்தால்தான் கணக்கை மூடுவார்கள்; உங்களுக்கு வந்திருப்பது கோரல் மட்டுமே.

இன்னொன்றையும் அப்பத்தாவிடம் சொல்லுங்கள். தூணில் சாய்ந்து பாடிய அவரும் சட்டத்தின் பார்வையில் ஒரு நிகழ்த்துகலைஞர். அவர் அனுமதியில்லாமல் அந்தக் குரலை எடுத்து வேறொருவர் வெளியிட முடியாது.

கேள்வி: மகளின் திருமணத்தில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதற்குப் பதிப்புரிமைக் கட்டணம் கட்ட வேண்டும் என்று மண்டபத்தார் சொல்கிறார்கள். உண்மையா? அடுத்த ஆண்டு எங்களுக்கு மணிவிழாவும் வருகிறது.
– ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: திருமணத்துக்குக் கட்ட வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உண்மையான சமயச் சடங்குகளுக்கு விலக்கு அளிக்கிறது. மணமகன் ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய மற்ற சமூகக் கொண்டாட்டங்களும் அந்த விலக்கில் அடங்கும் என்று அதன் விளக்கமே கூறுகிறது. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக ஊக்குவிப்புத் துறையும் 2023 சூலை 24 அன்று பொது அறிவிப்பு ஒன்றில் இதையே வலியுறுத்தியது. அந்த அறிவிப்பின் நகலை மண்டபத்தாரிடம் கொடுங்கள். மணிவிழாவில் ஹோமமும் மாங்கலிய தாரணமும் சமயச் சடங்குகள் என்பதால் அவற்றுக்கும் அதே விலக்கைக் கேட்கலாம் என்பது என் கருத்து. மாலையில் சீட்டு விற்று இசைக் கச்சேரி வைத்தால் மட்டும் கதை வேறு.

கேள்வி: எங்கள் ஊருணிக்கு வரும் வரத்துக்காலை மண் கொட்டி மறித்துவிட்டார்கள். புகழ்பெற்ற ஒரு திரைப்பாடலின் மெட்டில் புதிய வரிகள் எழுதி, நாங்கள் ஆறு பேர் பாடி இணையத்தில் வெளியிட்டோம். இரண்டாயிரம் பேர் பார்ப்பதற்குள் பதிப்புரிமைப் புகார் வந்து காணொளி மறைந்துவிட்டது. மண் கொட்டியவர்களே பின்னால் இருந்து செய்தார்களோ என்று எங்களுக்குச் சந்தேகம். போராட்டப் பாட்டுக்குக் கூடவா அனுமதி வாங்க வேண்டும்?
– இளைஞர் குழு ஒன்று, காரைக்குடி அருகே

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சந்தேகத்தை வைத்து யார் மீதும் குற்றம் சாட்டாதீர்கள். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டு வர அது உதவாது.

உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பிறகும், அதன் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாக நியாயம் கேட்டு வந்தார்கள். 2015இல் சென்னையைச் சேர்ந்த பாடகி சோஃபியா அஷ்ரஃப், ஓர் அமெரிக்க ராப் பாடகியின் மெட்டில் அவர்களுக்காகப் பாடி வெளியிட்டார். மெட்டுக்கு உரிய பாடகி நிக்கி மினாஜே அந்தக் காணொளியைத் தம் டுவிட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு கையெழுத்தானது. ஒரு பாட்டு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொன்னால், 15 ஆண்டுகள் போராடியவர்களுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். எனினும் அவர்கள் பேச்சை உலகத்தின் காதில் போட்டதில் அந்தப் பாட்டுக்குப் பெரிய பங்குண்டு.

அங்கே மெட்டுக்குரியவரின் ஆதரவு கிடைத்தது. கிடைக்காதபோது நம் சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேலிப்பாட்டுக்கென்று இந்தியச் சட்டத்தில் தனி விலக்கு இல்லை; 'விமரிசனம் அல்லது மதிப்புரை'க்கான நியாயமான பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. ஒரு நாடகத்தைக் கண்டித்து எழுதப்பட்ட எதிர்நாடகம் பற்றிய வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் 1996இல் அந்த விலக்கைத் தாராளமாகவே பொருள் கொண்டது. ஆனால் அந்த எதிர்நாடகம் விமரிசித்தது மூல நாடகத்தையே. நீங்கள் விமரிசிப்பது திரைப்பாடலை அல்ல, வரத்துக்காலை மறித்தவர்களை. அதனால் இரவல் மெட்டு உங்கள் வாதத்தில் பலவீனமான இடம்.

ஆயினும் புகார் வந்தவுடன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. நம் சட்டப்படி, எழுத்து மூலமாகப் புகார் வந்தால் இணையத் தளம் அதை 36 மணி நேரத்துக்குள் தடுக்கலாம். புகார் கொடுத்தவர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டு வராவிட்டால் தடையை விலக்கிவிடலாம். இந்த 21 நாள் கணக்கைப் பலர் கேட்பதே இல்லை. நீங்கள் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். கேட்டால் தடை விலகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2012 மே மாதம், புதுப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் பல தளங்களை முழுசாகவே அடைத்தன. தாமே எடுத்த குறும்படங்களை விமியோ என்ற காணொளித் தளத்தில் வைத்திருந்தவர்கள்கூட அவற்றைத் திறக்க முடியாமல் போயிற்று. பல நகரங்களில் இளைஞர்கள் முகமூடி அணிந்து தெருவில் நின்றார்கள். நிறுவனங்களும் நீதிமன்றத்தை அணுகின. அடுத்த மாதமே, குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும், தளத்தையே அல்ல என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

உங்கள் பாட்டுக்கு நான் சொல்லும் வழி எளிது. மெட்டை மாற்றுங்கள். கும்மி, தெம்மாங்கு, நொண்டிச்சிந்து, காவடிச்சிந்து ஆகிய மெட்டுகளுக்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் மறைந்தது 1891இல். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியில் ஒருமுறையாவது கூட நடந்தவர்களுக்கு, அந்தத் தாளத்தில் ஆயிரம் கால்கள் ஒன்றாக அடியெடுத்து வைப்பது தெரியும். பாரதியும் பெண் விடுதலையைக் கும்மியில்தான் பாடினார். முதல் வரியை ஒருவர் பாட மற்றவர் திருப்பிப் பாடும் மெட்டாக இருந்தால், கைப்பேசி இல்லாத பாட்டிமாரும் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள். பாட்டு தயாரானதும், மற்றவர்கள் மாற்றிப் பாடவும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வெளியிடுங்கள். 2002 முதல் நடைமுறையில் உள்ள அந்த உரிமத்தைக் குறிப்பிட்டால், அடுத்த ஊர்க்காரர்கள் உங்களைக் கேட்காமலே தங்கள் கண்மாயின் பெயரைப் போட்டுப் பாடலாம்.

கேள்வி: பென் டிரைவில் 500 பாட்டு ஏற்றித் தரும் கடையில் வாங்குவது தவறா? பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும்தான் முன்பே சம்பளம் கொடுத்துவிட்டார்களே!
– ஒரு வாசகர், புதுவயல்

பதில்: தவறுதான். அனுமதியின்றி ஏற்றி விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. தண்டனையைவிட உங்கள் இரண்டாம் வாக்கியம்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்து எழுதச் சொன்ன தயாரிப்பாளரே திரைப்பாடலின் முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 35 ஆண்டுகள், ஒருமுறை வாங்கிய சம்பளத்தோடு பாடலாசிரியர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டிப் பெற்றதுதான் 2012ஆம் ஆண்டுத் திருத்தம். திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போதெல்லாம் ராயல்டியில் சமபங்கு அவர்களுக்கு உண்டு. வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக் கொடுக்க முடியாது. உங்களுக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவர் பாடல் வரிகளுக்கு 2041 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. பாரதியை விடுவிக்கக் கேட்ட அதே வாய், உயிரோடு இருக்கும் கவிஞனுக்கு உரிய கூலியையும் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஐயா காலத்து வீட்டில், இரண்டாம் கட்டு அறையில் ஒரு தேக்குப் பெட்டி நிறைய கிராமபோன் தட்டுகள் இருக்கின்றன. பழம்பொருள் வியாபாரி பெட்டியோடு விலை பேசுகிறார். விற்காமல் கணினியில் பதிவு செய்து எல்லோரும் கேட்க இணையத்தில் வைக்க ஆசை. சட்டம் இடம் கொடுக்குமா?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தேவகோட்டை

பதில்: விற்காதீர்கள், ஐயா. வியாபாரிக்கு வேண்டியது பெரும்பாலும் தேக்குப் பெட்டியாகத்தான் இருக்கும்.

சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பது ஒவ்வொரு தட்டுக்கும் மாறும். 1955இல் வெளியான தட்டுக்குப் பதிவுரிமை 2015 டிசம்பர் 31 அன்று முடிந்தது. இப்படியே வெளியான ஆண்டோடு 60ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு பாட்டின் சொல்லையும் மெட்டையும் பாருங்கள். தேவாரமோ திருப்புகழோ தியாகராசர் கீர்த்தனையோ என்றால் தடையில்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் கீர்த்தனை என்றால் 2033 முடியும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது உரியவர்களிடம் அனுமதி பெற வேண்டும். ஏற்றும் தளம் அமெரிக்காவில் இருந்தால் இன்னொரு சிக்கல்: அங்கே 1923க்கும் 1946க்கும் இடையில் வெளியான பதிவுகளுக்கு 100 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. பழைய தட்டுகளைப் பெருமளவில் இணையத்தில் ஏற்றிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தின் மீது 2023இல் பெரிய இசை நிறுவனங்கள் வழக்கே தொடுத்தன. ஆனால் வெளியிடுவதற்குத்தான் இத்தனை கணக்கு. உங்கள் தட்டை உங்கள் வீட்டில், நீங்கள் கேட்பதற்காகப் பதிவு செய்து வைப்பது சொந்தப் பயன்பாடு. அதற்குச் சட்டம் நியாயமான இடம் கொடுக்கிறது. அதை இன்றே தொடங்குங்கள்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. நான் இளைஞனாக இருந்தபோது எங்கள் வீட்டுத் தட்டு ஒன்றைப் பளபளப்பாக்க எண்ணி ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். துணி கறுத்தது; தட்டின் மேல்பரப்பு பிசுபிசுவென்று இளகி என் விரல்ரேகை அதில் பதிந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த நாகசுரம் அதன் பிறகு ஒலிக்கவே இல்லை. அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்கால் செய்தவை. சாராயச் சத்துள்ள எதுவும் அவற்றைக் கரைத்துவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், காடியின், அதாவது முள் ஓடும் வரிப்பள்ளத்தின், போக்கிலேயே துடையுங்கள். நடுவில் உள்ள காகித முத்திரை நனையக் கூடாது. சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் ஓட்டிப் பதிவு செய்யாதீர்கள். அதன் கனமான எஃகு முள் ஒவ்வொரு முறையும் காடியைத் தேய்க்கும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இத்தகைய தட்டின் காடி அகலமானது என்பதால், அதற்கென்றே உள்ள முள்ளைப் பொருத்திய இன்றைய சுழல்மேசை (டர்ன்டேபிள்) வேண்டும். ஒலியைச் சுருக்காத கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிறுத்தியே வையுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் என்பதால் நாளைக்கு நான்கு தட்டு முடித்தாலே போதும். ஒவ்வொன்றுக்கும் முத்திரையைத் தெளிவாகப் படமெடுத்து, நிறுவனத்தின் பெயர், தட்டு எண், பாடகர், ராகம் ஆகியவற்றை ஒரு ஏட்டில் எழுதுங்கள். ஆண்டு அச்சிடப்படாத தட்டுகளே அதிகம். தட்டு எண்ணை வைத்துத்தான் ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பெயர்ப்பலகை எழுதும் கலைஞரான கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், மற்றவர்கள் எடைக்குப் போட்ட நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. உங்கள் ஏடு நிறைந்ததும் அதன் நகலோடு அந்த நூலகத்தாரிடம் கலந்து பேசுங்கள். தட்டின் உறைகளையும் தூக்கி எறியாதீர்கள். அந்த உறைகளில் விற்ற கடையின் முத்திரையும், வாங்கியவர் பென்சிலால் எழுதிய தேதியும், எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கியது என்ற குறிப்பும் இருக்கக்கூடும். அவற்றையும் இரு பக்கமும் படமெடுத்து, அந்தந்தத் தட்டின் எண்ணோடு சேர்த்து வையுங்கள்.